பன்னிரண்டு கட்டம், எட்டுக் காய்: ஜப்பானின் விலங்குச் சதுரங்கம்

டோபுட்சு ஷோகி என்பது 2008ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் பலகை விளையாட்டு. ஜப்பானியர்களின் மரபான சதுரங்கத்துக்கு ஷோகி என்று பெயர். அதை விலங்குப் படங்களைக் கொண்டு குழந்தைகளுக்காகச் சுருக்கி அமைத்த வடிவம் இது. அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு எனப் பன்னிரண்டே கட்டங்கள், ஆளுக்கு நான்காக எட்டே காய்கள் என்பதோடு அதன் சாமான்கள் முடிந்துவிடுகின்றன. காகிதத்தில் கட்டம் கிழித்து அட்டையில் காய் வெட்டிக்கொண்டால் முழு விளையாட்டும் சட்டைப்பையில் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய ஒன்று சில நாள்களில் சலித்துப்போகும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. ஆனால் இந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளைக் கணினி கொண்டு எண்ணிப் பார்த்தபோது கிடைத்த தொகை இருபத்து நான்கு கோடியைத் தாண்டியது. பலகையின் அளவுக்கும் ஆட்டத்தின் ஆழத்துக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மைக்கு ஷோகியின் பழைய விதி ஒன்றே பெரிதும் காரணம்.

ஷோகியின் முழு வடிவம் எளிதில் கைவருவதன்று. 81 கட்டங்கள் கொண்ட பலகையில் ஆளுக்கு 20 காய்கள் வைத்து ஆடப்படும் அந்த ஆட்டத்தில், காய்கள் எல்லாம் ஒரே நிறத்து மரத்தில், ஐந்து பக்கம் கொண்ட கூரான வில்லைகளாக இருக்கும். எந்தக் காய் எது என்பதை அவற்றின்மீது எழுதப்பட்ட சீனச் சித்திர எழுத்துகளைப் படித்தே அறிய வேண்டும். ஜப்பானியக் குழந்தைக்கே அந்த எழுத்துகள் பள்ளிக்குச் சென்று சில ஆண்டுகள் கழித்துத்தான் பிடிபடும் என்னும்போது, அயல்நாட்டவரின் திகைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடையை நீக்க முன்வந்தவர்கள் தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர்கள். ஷோகியில் மகளிருக்கென்று தனிப் பட்டப் போட்டிகள் 1974 முதல் நடந்துவருகின்றன. அத்தகைய ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் 2007இல் தனியே பிரிந்து ஜப்பான் மகளிர் தொழில்முறை ஷோகி சங்கத்தைத் தொடங்கினர். புதிய சங்கத்துக்குப் புதிய ஆட்டக்காரர்கள் வேண்டியிருந்தது. சிறுவர் சிறுமியரும் இதுவரை ஷோகியைத் தொடாத பெண்களும் அச்சமின்றி உட்கார்ந்து ஆடத்தக்க ஒரு வாயில் வேண்டியிருந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த மடோகா கிடாவோ விதிகளை வகுத்தார். அவரைப் போலவே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த மைகோ ஃபுஜிதா படங்களை வரைந்தார்.

ஒவ்வொருவரிடமும் ஒரு சிங்கம், ஒரு ஒட்டகச்சிவிங்கி, ஒரு யானை, ஒரு கோழிக்குஞ்சு இருக்கும். எந்தக் காயும் ஒரு முறைக்கு ஒரு கட்டத்துக்கு மேல் நகராது. சிங்கம் எட்டுத் திசையிலும் செல்லும். ஒட்டகச்சிவிங்கி முன், பின், இடம், வலம் ஆகிய நேர்த்திசைகள் நான்கிலும், யானை மூலைவாட்டான நான்கு திசைகளிலும், கோழிக்குஞ்சு நேர் முன்னால் மட்டும் செல்லும். ஒவ்வொரு காயின் ஓரத்திலும், அது எந்தத் திசையில் நகருமோ அந்தத் திசையில் ஒரு புள்ளி இடப்பட்டிருப்பதால், விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழுவதில்லை; எழுதப் படிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளையும் காயைப் பார்த்தே அது போகும் வழியைச் சொல்லிவிடும். எளிமையான இந்த ஏற்பாடுதான் கிடாவோவும் ஃபுஜிதாவும் செய்தவற்றுள் மிகப் பெரிய காரியம் என்று சொல்லலாம். உலகில் எத்தனையோ நல்ல ஆட்டங்கள் முதல் அரைமணி நேர விளக்கத்திலேயே ஆளை இழந்துவிடுகின்றன.

யானை என்றதும் தமிழ் வாசகருக்குச் சதுரங்கப் பலகையின் மூலையில் நின்று நேர்கோட்டில் பாயும் காயே நினைவுக்கு வரும். இங்கே யானை மூலைவாட்டில் ஓர் அடி வைப்பது விசித்திரமாகத் தோன்றினாலும் அது புதுமையன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பிரூனி, இங்கே ஆடப்பட்ட சதுரங்கத்தில் யானை நேர் முன்னால் ஓர் அடியும் நான்கு மூலைகளிலும் ஓர் அடியும் செல்லும் என்றும், யானையின் துதிக்கையும் நான்கு கால்களும் சென்று படும் இடங்களாக அந்த ஐந்து கட்டங்களும் கருதப்பட்டன என்றும் குறித்திருக்கிறார். அதே ஐந்து அடிகளை வைக்கும் காய் பர்மாவின் சதுரங்கத்திலும் தாய்லாந்தின் சதுரங்கத்திலும் இன்றும் இருக்கிறது. ஷோகியில் 'வெள்ளித் தளபதி' என்று அழைக்கப்படும் காயும் அப்படியே நகர்கிறது. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் கிழக்கு நோக்கிப் பயணப்பட்டே ஜப்பானை அடைந்தது என்பதற்கு அறிஞர்கள் காட்டும் தடயங்களில் இதுவும் ஒன்று. கிடாவோவின் யானையில் துதிக்கையின் அடி மட்டும் இல்லை.

ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரின் அடிவரிசையிலும் இடமிருந்து வலமாக யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்ற வரிசையில் காய்கள் நிற்கும். சிங்கத்துக்கு முன்னால் கோழிக்குஞ்சு நிற்கும். பலகையில் நான்கு வரிசைகளே இருப்பதால் இரு தரப்புக் குஞ்சுகளும் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. எதிராளியின் காய் இருக்கும் கட்டத்துக்குத் தன் காயைக் கொண்டுசென்றால் அந்தக் காய் வெட்டுப்படும். எதிராளியின் சிங்கத்தைப் பிடிப்பவர் வென்றவர்.

குஞ்சுக்குப் பதவி உயர்வும் உண்டு. அது பலகையின் கடைசி வரிசையை நகர்ந்து எட்டினால் காயைத் திருப்பிப்போட வேண்டும். பின்புறத்தில் கோழியின் படம் இருக்கும். கோழி, பின்புறத்து இரு மூலைகள் தவிர மற்ற ஆறு திசைகளிலும் ஓர் அடி செல்லும். அந்தக் கோழி பிடிபட்டால் மீண்டும் குஞ்சாகிவிடும் என்பதில் குழந்தைகளுக்கு அலாதி மகிழ்ச்சி.

இதுவரை சொன்னவை நமக்குப் பழக்கமான சதுரங்கத்திலிருந்து அதிகம் விலகவில்லை. அடுத்து வரும் விதிதான் ஷோகிக் குடும்பத்தை மற்றச் சதுரங்கங்களிலிருந்து பிரித்துக்காட்டுவது. வெட்டுப்பட்ட காய் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. அதை வெட்டியவரின் கைக்கு வந்துசேர்கிறது. தம் முறை வரும்போது அவர் ஒரு காயை நகர்த்துவதற்குப் பதிலாக, கையிலுள்ள காயைப் பலகையின் எந்தக் காலிக் கட்டத்திலும் தம்முடைய காயாக இறக்கலாம். நேற்றுவரை எதிரிக்கு உழைத்த யானை இன்று இவர் பக்கம் நின்று அதே எதிரியைத் தாக்கும். ஷோகிக் காய்கள் ஏன் ஒரே நிறத்தில் இருக்கின்றன, ஏன் கூரான முனையோடு செதுக்கப்படுகின்றன என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: காயின் சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டுவது நிறமன்று, அதன் முனை பார்க்கும் திசை. கட்சி மாறும் காயைத் திருப்பி வைத்தாலே போதும்.

இந்த விதி எப்போது தோன்றியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நாரா நகரின் கோஃபுகுஜி பௌத்தக் கோவில் வளாகத்தில் 1993இல் நடந்த அகழாய்வில் ஷோகிக் காய்கள் பதினாறு கிடைத்தன. அவற்றோடு கிடைத்த மரச்சீட்டு ஒன்றில் 1058ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு இருந்ததால், ஜப்பானில் கிடைத்த மிகப் பழைய ஷோகிக் காய்களாக அவை கருதப்படுகின்றன. இன்று ஆடப்படும் வடிவமும், பிடித்த காயை இறக்கும் வழக்கமும் பதினாறாம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றுவிட்டன என்பது பரவலான கருத்து. 1612இல் தொகுகவா ஆட்சி ஷோகி வல்லுநரான ஒஹாஷி சோகேய்க்கு மானியம் வழங்கியதிலிருந்து அந்த ஆட்டம் அரசின் ஆதரவு பெற்ற கலையாயிற்று.

பிடிபட்டவரைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும் இவ்விதி ஒரு முறை அரசியல் விசாரணைக்கும் உள்ளானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில், போர்க்கைதிகளை அவர்களுடைய நாட்டுக்கு எதிராகவே ஏவிவிடும் மனப்பான்மையை ஷோகி வளர்க்கிறதோ என்ற ஐயம் ஆக்கிரமிப்புத் தலைமையகத்துக்கு எழுந்தது என்றும், அதற்கு விளக்கம் சொல்லத் தாம் அழைக்கப்பட்டதாகவும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மசுதா கோசோ தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேற்கத்தியச் சதுரங்கம்தான் கைதிகளைக் கொன்று ஒழிக்கிறது, ஷோகியோ அவர்களுக்குப் பழைய பதவியோடு வேலை கொடுக்கிறது என்பது அவர் சொன்ன பதிலின் சாரம். அவருடைய நினைவில் அந்தச் சந்திப்பு சற்று மெருகேறியிருக்கலாம் என்றாலும், விதியின் தன்மையை அவரைவிடச் சுருக்கமாக விளக்கியவர் இல்லை.

பன்னிரண்டு கட்டப் பலகைக்கு இந்த விதி உயிர்நாடி. வழக்கமான சதுரங்கத்தில் ஆட்டம் நீள நீளக் காய்கள் குறைந்து பலகை காலியாகிறது. அந்த முறையிலேயே இந்தச் சிறு பலகையில் ஆடினால், நாலைந்து முறை வெட்டிக்கொண்ட பிறகு இரண்டு சிங்கங்கள் மட்டும் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் சுற்றிவரும் நிலையே மிஞ்சும். பிடித்த காய்கள் திரும்பி வருவதால், ஆட்டம் முடியும்வரை எட்டுக் காய்களும் ஆட்டத்திலேயே இருக்கின்றன. பலகையில் காய் குறையும்போது கையில் கூடுகிறது. கையில் கூடும்போது செய்யத்தக்கவற்றின் எண்ணிக்கை பெருகுகிறது. பலகையில் ஆறு காய்கள் நின்று, ஆடுபவர் கையில் ஒரு யானையும் ஒரு குஞ்சும் இருப்பதாகக் கொண்டால், காலியாக உள்ள ஆறு கட்டங்களில் அவ்விரண்டில் ஒன்றை இறக்குவதற்கே பன்னிரண்டு வழிகள் உண்டு; நகர்த்தல்கள் அதற்கு மேல். வெட்டுவது எப்போதும் லாபம் என்ற சதுரங்கப் பழக்கமும் இங்கே செல்லாது. காய்க்குக் காய் மாற்றிக்கொள்ளும்போது இருவர் கையிலும் ஆயுதம் ஏறுகிறது. அதை முதலில் இறக்கும் வாய்ப்பு யாருக்கு வாய்க்கிறது என்பதே கேள்வி.

முதல் இரண்டு மூன்று நகர்த்தல்களைக் கூர்ந்து பார்த்தாலே இது விளங்கும். தொடக்க நிலையில் முதலில் ஆடுபவருக்கு நான்கே வழிகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கியை ஓர் அடி முன்னால் வைக்கலாம். சிங்கத்தை முன்புறத்து இரு மூலைகளில் ஒன்றுக்குக் கொண்டுசெல்லலாம். அல்லது குஞ்சால் எதிர்க் குஞ்சை வெட்டலாம். யானைக்கு வழியே இல்லை, அது போகவேண்டிய ஒரே கட்டத்தில் சொந்தக் குஞ்சு நிற்கிறது. முதன்முறை ஆடுபவர்கள் பெரும்பாலும் வெட்டுவதையே தேர்ந்தெடுப்பார்கள். வெட்டிய குஞ்சு எதிராளியின் சிங்கத்துக்கு நேர் முன்னால் போய் நின்று அதை மிரட்டுகிறது, ஆகவே எதிராளி சும்மா இருக்க முடியாது. அவர் தம் யானையால் அந்தக் குஞ்சை வெட்டுவதாகக் கொள்வோம். இப்போது இருவர் கையிலும் ஒவ்வொரு குஞ்சு. நடுவில் எதிராளியின் யானை வந்து நிற்கிறது. முதலாமவர் கையிலுள்ள குஞ்சை யானைக்கு நேர் முன்னால் இறக்குகிறார். நேர் முன்னால் மட்டும் அடி வைக்கும் குஞ்சை, மூலைவாட்டில் மட்டும் செல்லும் யானையால் தொட முடியாது; குஞ்சோ அடுத்த முறையில் யானையை வெட்டிவிடும். குஞ்சைக் கொடுத்து யானையைப் பெறுவது நல்ல பேரம் என்பதால், எதிராளி யானையைப் பின்வாங்குவதா, கையிலுள்ள குஞ்சை வேறெங்காவது இறக்கிப் பதில் மிரட்டல் விடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் மிக எளிய காய், அதுவும் சற்று முன் எதிரியிடமிருந்து பறித்த காய், இவ்வளவு வேலை செய்கிறது.

பெரிய ஷோகியில் குஞ்சுக்கு இணையான காலாளை இறக்குவதற்குச் சில தடைகள் உண்டு. ஒரே நெடுவரிசையில் பதவி உயராத சொந்தக் காலாள் ஏற்கெனவே நிற்கும்போது இன்னொன்றை இறக்கக் கூடாது. காலாளை இறக்கி அந்த அடியிலேயே எதிரி அரசனுக்கு முடிவுகட்டவும் கூடாது. இவ்விரண்டையும் கிடாவோ விலக்கிவிட்டார். குழந்தைகளுக்கான ஆட்டத்தில் விதிவிலக்குகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதோடு, மூன்றே நெடுவரிசைகளில் அந்தத் தடைகள் ஆட்டத்தை இறுக்கிப்போட்டுவிடும் என்பதும் வெளிப்படை. இறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: கடைசி வரிசையில் குஞ்சை இறக்கினால் அது கோழியாகாது. ஒரே நிலை மூன்று முறை திரும்ப வந்தால் ஆட்டம் சமன்.

சிங்கத்தைப் பிடிப்பது தவிர வெற்றிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தன் சிங்கத்தை எதிராளியின் அடிவரிசைக்குக் கொண்டுசேர்த்து, அங்கே அது உடனே பிடிபடாத நிலையில் இருந்தால் ஆட்டம் வென்றதாகிவிடும். ரக்பி விளையாட்டில் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு வைப்பதற்கு வழங்கும் 'டிரை' என்ற பெயரையே ஜப்பானியர் இதற்கும் வைத்திருக்கிறார்கள். சதுரங்கத்தில் அரசன் ஆட்டத்தின் பெரும்பகுதி ஒரு மூலையில் ஒளிந்திருப்பவன். இங்கே மூன்றே அடியில் எதிரியின் கோட்டையை மிதித்துவிட முடியும் என்பதால் சிங்கம் காக்கப்படுவதாகவும் தாக்குவதாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. எதிராளியின் மிரட்டலைத் தடுத்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று தம் சிங்கத்தை ஓர் ஓரமாக ஓடவிட்டு வென்றுவிடுவது அடிக்கடி நடக்கும். கணக்குத் தவறி, பிடிபடும் கட்டத்தில் சிங்கத்தைக் கொண்டுபோய் வைப்பதும் அதே அளவுக்கு நடக்கும்.

இந்த ஆட்டம் வெளிவந்த மறு ஆண்டே, டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினி ஆய்வாளர் தெட்சுரோ தனாகா அதைக் கணினியால் முழுமையாகத் தீர்த்துவிட்டார். ஓர் ஆட்டத்தைத் 'தீர்ப்பது' என்றால், இருவரும் ஒரு பிழையும் செய்யாமல் ஆடினால் முடிவு என்னவாக இருக்கும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவுவது. அதற்கான முறை பின்னிருந்து முன்னோக்கிச் செல்வது. சிங்கம் பிடிபட்ட, அல்லது எல்லையைத் தொட்ட முடிவுநிலைகளுக்கு வெற்றி தோல்வி முதலிலேயே தெரியும். அவற்றுக்கு ஒரு படி முந்தைய நிலைகளை எடுத்துக்கொண்டால், ஆட வேண்டியவருக்கு எதிராளியைத் தோற்கும் நிலையில் தள்ளும் ஒரு நகர்த்தலாவது இருக்குமானால் அது வெல்லும் நிலை; அவர் எதைச் செய்தாலும் எதிராளி வெல்லும் நிலைக்கே வந்துசேருவார் என்றால் அது தோற்கும் நிலை. இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கி வந்து, இரண்டிலும் சேராமல் மிஞ்சுபவற்றைச் சமன் என்று ஒதுக்கினால், கடைசியில் தொடக்க நிலைக்கே ஒரு தீர்ப்பு கிடைத்துவிடும்.

தனாகா எண்ணிய நிலைகளின் தொகை 24,68,03,167. தீர்ப்பு, பலரும் எதிர்பார்க்காதது: பிழையின்றி ஆடினால் வெல்பவர் இரண்டாவதாக ஆடுபவர். முதலாமவர் எவ்வளவு இழுத்தடித்தாலும் 78ஆம் நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். ஜப்பானிய வழக்கப்படி இருவரின் நகர்த்தல்களும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஆளுக்கு 39 முறை ஆடிய பிறகு என்று இதற்குப் பொருள். சதுரங்க வகை ஆட்டங்களில் முதலில் ஆடுவது பொதுவாக அனுகூலம். இங்கே அது சுமையாகிறது என்பதற்கு, காய்கள் நெருக்கியடித்து நிற்கும் தொடக்க நிலையையே காரணமாகக் கருத இடமுண்டு. மேலே கண்ட நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் முதலாமவர் தம் அரணில் ஏதோ ஓர் இடத்தைத் திறந்துவிடுகிறார். ஆடாமல் இருக்கவோ விதியில் இடமில்லை.

பலகை விளையாட்டுகள் தீர்க்கப்படுவது இது முதல்முறையன்று. நான்கு வில்லைகளை வரிசையாகச் சேர்க்கும் கனெக்ட் ஃபோர் என்ற ஆட்டத்தில் முதலாமவரே வெல்வார் என்பது 1988இல் நிறுவப்பட்டது. ஐரோப்பாவின் பழைய ஆட்டமான ஒன்பது காய் மோரிஸ் 1993இல் சமன் என்று தெரிந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் 1989இல் தொடங்கிய பணி, செக்கர்ஸ் ஆட்டமும் சமனில்தான் முடியும் என்று 2007இல் அறிவித்தது. சதுரங்கமோ இந்த வரிசையில் சேரும் அறிகுறியே இல்லை. அதில் வரக்கூடிய நிலைகள் ஒன்றை அடுத்து நாற்பத்து நான்கு சுழியங்கள் இடும் அளவுக்கு மதிப்பிடப்படுகின்றன, ஷோகிக்கு அதைவிடவும் மிகப் பெரிய எண் சொல்லப்படுகிறது.

தீர்க்கப்பட்ட ஆட்டத்தை இனி ஏன் ஆட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும் அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இருபத்து நான்கு கோடி நிலைகளின் தீர்ப்பைக் கணினியின் நினைவகம் தாங்கும், மனித நினைவு தாங்காது. எதிரே அமர்ந்திருப்பவரும் மனிதரே என்னும்போது, 78ஆம் நகர்த்தலில் காத்திருக்கும் தோல்வி முதலாமவரைத் தொடுவதே இல்லை. மனிதர்களுக்கிடையே நடக்கும் ஆட்டங்கள் அதற்கு வெகுமுன்பே ஒரு கவனக்குறைவால் முடிந்துபோகின்றன. மாறாக, தீர்வு கிடைத்ததால் ஒரு நன்மை விளைந்தது: எந்த நிலையிலும் சரியான நகர்த்தல் எது என்பதை நிரலைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். பெரிய ஆட்டங்களில் வல்லுநர்கள்கூட ஊகமாகச் சொல்ல வேண்டியதை இங்கே ஒரு மாணவர் உறுதியாகக் கற்றுக்கொள்ள முடிகிறது. கணினி அறிவியல் பயில்வோர் தங்கள் நிரல்களைச் சோதித்துப் பார்க்க ஏற்ற அளவிலும் இது இருக்கிறது. மிகச் சிறியதன்று, சாதாரணக் கணினிக்கு மிஞ்சியதுமன்று.

குறை இல்லாத ஆட்டமும் அன்று இது. நன்றாகப் பழகிய இருவர் ஆடும்போது, யாரும் துணிந்து முன்னேறாமல் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வந்து சமனில் முடித்துக்கொள்வது நேரும். எல்லாக் காயும் ஓர் அடியே செல்வதால், சதுரங்கத்தின் நீண்ட கோடுகளில் தொலைவிலிருந்து ஊடுருவும் தாக்குதலின் அழகை இதில் எதிர்பார்க்க முடியாது. நீண்டகாலத் திட்டம் என்பதற்கும் இடம் குறைவு. ஐந்தாறு நகர்த்தல்களை முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் திறனே ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் அந்தத் திறனைப் பழக்குவதற்கு, ஐந்து நிமிடத்தில் முடிந்து உடனே மறுபடி அடுக்கத்தக்க ஆட்டத்தைவிடச் சிறந்த கருவி கிடைப்பது அரிது.

இதைப் பெரிய ஷோகிக்கான படிக்கட்டாகவே கிடாவோ கருதினார் என்பது அடுத்து வந்த வடிவங்களிலிருந்து தெரிகிறது. அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஆறு கட்டங்கள் கொண்ட அடுத்த பலகையில் நாயும் பூனையும் சேர்கின்றன. நாய் ஷோகியின் தங்கத் தளபதி, பூனை வெள்ளித் தளபதி. 81 கட்டங்களும் கொண்ட முழுப் பலகையையும் விலங்குப் படங்களோடு வெளியிட்டார்கள். அதில் நேராகப் பாயும் ஈட்டிக்காரன் காட்டுப்பன்றியாகவும், தாவும் குதிரை முயலாகவும் வருகின்றன. குஞ்சிலும் கோழியிலும் தொடங்கிய பிள்ளை, காயின் படத்துக்குப் பதில் எழுத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டால் போதும், ஷோகி முழுவதும் கைவந்துவிடும். 2010இல் கிடாவோ தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கி, ஷோகியைக் கற்பிக்கும் பணியைத் தொடர்ந்தார்.

வெளிநாடுகளில் இந்த ஆட்டம் உடை மாற்றிக்கொண்டது. பிரான்சில் 2013இல் 'யோகாய் நோ மோரி' என்ற பெயரில் வெளிவந்த பதிப்பில் விலங்குகளின் இடத்தை ஜப்பானிய நாட்டார் கதைகளின் ஆவிகள் பிடித்தன. அதே ஆண்டு தென் கொரியாவில் ஒளிபரப்பான 'தி ஜீனியஸ்' என்ற மதிநுட்பப் போட்டி நிகழ்ச்சியில் 'பன்னிரண்டு ஜாங்கி' என்ற பெயரோடு இதே அமைப்புள்ள ஆட்டம் இடம்பெற்றது. ஜாங்கி என்பது கொரியர்களின் சதுரங்கம். சிறுவர்களுக்காகச் செய்த ஆட்டத்தை வைத்துப் பெரியவர்கள் நெற்றி வியர்க்கப் போராடியதைக் கொரிய நேயர்கள் பார்த்தார்கள்.

இந்த ஆட்டத்துக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை. அஞ்சலட்டை அளவுள்ள தடித்த அட்டையில் மூன்றுக்கு நான்காகக் கட்டம் கிழித்து, எட்டுச் சதுரத் துண்டுகளில் விலங்கின் பெயரை எழுதி, நகரும் திசைகளில் புள்ளி வைத்து, குஞ்சின் பின்புறம் கோழி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. காய்களுக்கு இரு பக்கத்துக்கும் ஒரே நிறம் இருக்க வேண்டும் என்பதையும், எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே சொந்தக்காரரை அறிய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய சதுரங்கப் பெட்டியின் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடிப் பார்ப்பவர்கள் முதல் காய் கட்சி மாறும்போதே திண்டாடிப்போவார்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பெரியவர்கள் முதல் நகர்த்தலைத் தாமே எடுத்துக்கொள்வது நல்லது. கணக்குப்படி வெற்றிக்கு உரியவர் இரண்டாவதாக ஆடுபவர்தான்.